கணப்பில் புகை, குற்றவாளி சமையற்கட்டில்

பனிக்காலத்து இரவு ஏழரை மணி. நூறு வயது தாண்டிய ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் கணப்பு எரிகிறது. நாற்காலிகளை நெருப்பருகே இழுத்துப் போட்டுக்கொண்டு விருந்தினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு மணி நெருங்கும்போது கண் எரியத் தொடங்குகிறது. மேலே போக வேண்டிய புகை கூடத்துக்குள் வழிகிறது. ஊழியர் ஓடிவந்து ஜன்னலைத் திறக்கிறார். புகை கொஞ்சம் அடங்குகிறது, கூடவே குளிரும் வந்துவிடுகிறது. மறுநாள் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறார். அடைப்பு ஏதும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மறுபடியும் அதே கதை.

பழைய கட்டடங்களில் வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கு இந்தப் புதிர் பழக்கமானது. எட்டு மணி என்பது இரவுச் சாப்பாடு உச்சத்துக்கு வரும் நேரம். சமையலறை அடுப்புகளுக்கு மேலே புகையை வாங்கும் ஹூடுகளின் எக்ஸாஸ்ட் விசிறிகள் முழு வேகத்தில் ஓடும். வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்கென்று ஒரு வழி வைக்கவில்லை என்றால், கட்டடத்தில் எங்கே பெரிய ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். முன்கூடத்துப் புகைபோக்கியை விடப் பெரிய ஓட்டை எது? புகையோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து இறங்குவதால் இது வெறும் கண்ணெரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை.

பழைய ஓட்டலைப் புதுப்பிக்கிறவர்கள் சமையலறைக் காற்றோட்டத்தை ஒரு ஒப்பந்தக்காரரிடமும், கட்டடத்தைச் சூடாக்கும் வேலையை இன்னொருவரிடமும் கொடுப்பது வழக்கம். காற்றுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. சமையலறை வெளியே துப்பும் ஒவ்வொரு மூச்சுக்கும் வெளியிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சை எடுத்துச் சூடாக்கித் தர வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். தமிழில் ‘ஓட்டல்’ என்றாலே சாப்பாட்டுக் கடை, தங்குவதற்கு ‘லாட்ஜ்’ என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பொறியாளரின் கண்ணால் பார்த்தால், ஆங்கிலத்துக்குத் தவறான அந்தப் பொருள்தான் சரி. அடுப்பைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கணக்கை நம் முன்னோடிகள் அறியாதவர்கள் அல்லர். லண்டனில் சார்லஸ் பாரி வடிவமைத்த ரிஃபார்ம் கிளப் 1841இல் திறந்தது. அதன் சமையலறையை வகுத்தவர் அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்த அலெக்ஸிஸ் சோயர். அந்தக் காலத்திலேயே எரிவாயு அடுப்பு வைத்தவர். கட்டடத்துக்கு வெளியே நிலவறையில் சிறிய நீராவி எந்திரம் ஒன்று இருந்தது. அது தண்ணீர் இறைத்தது, நிலக்கரியை மேலே ஏற்றியது, காற்றோட்டத்துக்கான விசிறியைச் சுழற்றியது. எந்திரத்தை விட்டு வெளியேறிய நீராவி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கியது. வீணாகப் போகும் வெப்பத்தை மறுபடி பயன்படுத்துவதை இன்று ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். விக்டோரியா ராணியின் காலத்து நிலவறையில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த பெரிய ஓட்டல்கள் எல்லாம் இவ்வளவு கவனமாக இல்லை. 1889இல் திறந்த லண்டன் சவாயில் மின்விளக்கும் மின்தூக்கியும் புதுமையாகப் பேசப்பட்டன. அடுத்த ஆண்டு சமையலறைப் பொறுப்பேற்ற ஓகஸ்ட் எஸ்காஃபியே, வெக்கையில் சமையற்காரர்கள் குடித்துத் தீர்ப்பதைப் பார்த்து, மதுவுக்குப் பதிலாகப் பார்லித் தண்ணீர் வைக்க ஏற்பாடு செய்தார். காற்றோட்டத்தின் குறையைப் பானத்தால் ஈடுகட்டிய கதை அது. 1929 வாக்கில் பாரிஸ் ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் தட்டு கழுவிய ஜார்ஜ் ஆர்வெல், அந்த நரகத்தை 1933இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். மேலே சரவிளக்கு, கீழே வேர்வை. இந்த மாடிப் பிரிவினை ஐரோப்பிய ஓட்டல் மரபின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது.

சிலர் தலைகீழாகவும் யோசித்தார்கள். சிகாகோவில் கட்டடக் கலைஞர்கள் அட்லரும் சல்லிவனும் கட்டிய ஆடிட்டோரியம் கட்டடத்தின் ஓட்டலில் பெரிய சாப்பாட்டுக் கூடம் பத்தாவது மாடியில் இருந்தது. சமையலறையும் உயரத்தில்தான். சூடும் வாசனையும் மேல்நோக்கித்தானே போகும், அங்கேயே அடுப்பை வைத்துவிட்டால் தொல்லை இல்லை. இன்று அந்தக் கூடம் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தின் நூலகம். ஆனால் இந்த வழி பெரும்பாலோருக்கு ஒத்துவரவில்லை. காய்கறியும் நிலக்கரியும் கீழே வந்து இறங்கும்போது அடுப்பும் கீழேயே இருப்பது வசதி. அதனால் பழைய ஓட்டல் சமையலறைகளில் பல அடித்தளத்திலோ தரைத்தளத்தின் பின்பக்கத்திலோ இருக்கின்றன. குளிர்காலத்தில் உயரமான கட்டடம் முழுவதுமே ஒரு புகைபோக்கியாக மாறும். சூடான காற்று படிக்கட்டு வழியாகவும் மின்தூக்கிக் குழி வழியாகவும் ஏறும். கீழே வதக்கிய வெங்காயம் ஆறாவது மாடி அறையில் மணப்பது இப்படித்தான்.

பழைய கட்டடம் தன் போக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே திறந்து மூடும் சிறு ஜன்னல், உயரமான கூரை, நடுவே வெளிச்ச முற்றம், அறைக்கொரு புகைபோக்கி, சரியாகப் பொருந்தாத ஜன்னல் சட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் அதன் காற்றோட்ட அமைப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதே ஆரோக்கியம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுவாக இருந்ததால், திறந்த ஜன்னலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டே நீராவி ரேடியேட்டர்களை வைத்தார்கள். பழைய ஓட்டல் அறைகளில் ஜனவரி மாதத்திலும் விருந்தினர் வியர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு வந்தவர்கள் ஜன்னல்களை இறுக்கி அடைத்தார்கள், ஏசி பொருத்தினார்கள், புகைபோக்கிகளை மூடினார்கள். சமையலறையில் மட்டும் எக்ஸாஸ்ட் விசிறி பெரிதாகிக்கொண்டே போனது. மூக்கைப் பொத்திவிட்டு வேகமாக ஓடச் சொன்ன மாதிரிதான்.

இன்றைய விதிகள் என்ன கேட்கின்றன என்று பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். எண்ணெய்ப் பிசுக்கு சேரும் அடுப்புக்கு மேலே ஹூட், அதிலிருந்து கூரை வரைக்கும் எஃகுக் குழாய். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 96 சொல்வதன்படி, குழாயின் இணைப்புகள் திரவம் கசியாதபடி முழுவதும் வெல்டிங் செய்யப்பட வேண்டும். எரியக்கூடிய பொருளிலிருந்து 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற தீக்காப்புப் போர்வை சுற்ற வேண்டும். விறகு, கரி எரிக்கும் அடுப்பென்றால் குழாயை மாதம் ஒரு முறையும், ஓயாமல் வறுத்துப் பொரிக்கும் சமையலறை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். இதெல்லாம் அதிகாரிகளின் பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் குழாய்க்குள் படிந்த பிசுக்கு பற்றிக்கொண்டால் உள்ளே வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பக்கத்தில் நூறாண்டு காய்ந்த மரச்சட்டம் இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவைகூட இல்லை.

மரச்சட்டம் என்றதும் எல்லோஸ்டோன் பூங்காவின் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் நினைவுக்கு வருகிறது. ராபர்ட் ரீமர் வடிவமைத்து 1904இல் திறந்த இந்த ஓட்டல், பைன் மரங்களை அடுக்கி எழுப்பியது. முன்கூடம் ஏழு மாடி உயரம். அதில் கல்லால் ஆன ராட்சதப் புகைபோக்கி. 1959 நிலநடுக்கத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் புகைபோக்கி இடிந்து விழுந்தது. 1988இல் பூங்கா முழுவதும் காட்டுத்தீ பரவியபோது, கூரையில் புதிதாகப் பொருத்தியிருந்த நீர்த்தெளிப்பு அமைப்பும் காற்றின் திசைமாற்றமும் சேர்ந்து ஓட்டலைக் காப்பாற்றின. இப்படிப்பட்ட கட்டடத்தில் 18 அங்குல இடைவெளி விட்டு ஓர் எஃகுக் குழாயைக் கூரை வரை கொண்டுபோவது என்றால், எந்த மரத்தை வெட்டுவது என்ற கேள்வி முதலில் வரும். நினைத்தபடி வெட்டிவிட முடியாது. அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அவானி ஓட்டல். கில்பர்ட் ஸ்டேன்லி அண்டர்வுட் வடிவமைத்து 1927இல் திறந்தது. பார்வைக்கு அதுவும் மரமும் கல்லும்தான். ஆனால் வெளிச்சுவரில் மரம்போலத் தெரிவது, அச்சில் வார்த்துச் செம்மரச் சாயம் பூசிய கான்கிரீட். காட்டு ஓட்டல்கள் அடிக்கடி எரிந்துபோவதைக் கண்டு முன்கூட்டியே யோசித்த ஏற்பாடு அது. அதன் சாப்பாட்டுக் கூடம் 130 அடி நீளம், கூரை 34 அடி உயரம். அவ்வளவு பெரிய கூடத்தைப் பனிக்காலத்தில் சூடாக வைத்திருக்க வேண்டும், பக்கத்துச் சமையலறை அந்தச் சூட்டை உறிஞ்சாமலும் இருக்க வேண்டும். சமையலறையின் காற்றழுத்தம் கூடத்தை விடச் சற்றே குறைவாக இருந்தால் வாசனை வெளியே வராது. அந்த ‘சற்றே’யில்தான் விஷயம் இருக்கிறது. அதிகமாகக் குறைந்தால் ஊஞ்சல் கதவு திறக்க மறுக்கும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் பிடரியில் சில்லென்று காற்று வீசும், மெழுகுவர்த்தி அணையும்.

குழாய்க்கு வழி கிடைப்பதே பெரிய போராட்டம் என்பதால், அனுபவசாலிகள் சுவரை உடைக்கும் முன் பழைய வரைபடங்களைத் தேடுகிறார்கள். பழைய ஓட்டல் ஓட்டைகளின் களஞ்சியம். சாப்பாட்டை மேலே அனுப்பிய சிறு தூக்கியின் குழி, அழுக்குத் துணி விழுந்த சரிவு, கைவிடப்பட்ட கொதிகலன் புகைபோக்கி, வெளிச்ச முற்றம் என்று எத்தனையோ. அமெரிக்க ஓட்டல் முதலாளி எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908இல் பஃபலோ நகர ஓட்டலில் குளியலறைகளை முதுகோடு முதுகு வைத்து, நடுவே எல்லாக் குழாய்களும் செங்குத்தாகப் போக ஒரு குழி விட்டார். சிக்கனத்துக்காகச் செய்தது. பின்னால் அதைப் பார்த்துக் கட்டிய ஓட்டல்களில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு வரம். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் நேரடியாகப் பிசுக்குக் காற்றை விட முடியாது, செங்கல் எண்ணெயைக் குடித்துவிடும். ஆனால் அதற்குள் எஃகுக் குழாயை இறக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் 1900இல் நின்ற அதே புகைபோக்கிதான் தெரியும்.

வரமாக இருக்கும் அதே ஓட்டைதான் ஆபத்தும். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே ‘ஹோட்டல்’ என்ற பெயரைச் சூடிக்கொண்ட ராயல் கிளாரன்ஸ், 2016 அக்டோபரில் எரிந்து போனது. தீ தொடங்கியது பக்கத்தில் சீரமைப்பு நடந்துகொண்டிருந்த கட்டடத்தில். பழைய கட்டடங்களுக்கு இடையே மறைந்திருந்த வெற்றிடங்கள் வழியாக அது ஓட்டலுக்குள் புகுந்தது. ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரிக்கரையில் பழைய மாளிகையில் நடந்துவந்த கேமரன் ஹவுஸ் ஓட்டலில் 2017 டிசம்பரில் நடந்தது இன்னும் கொடுமை. கணப்பில் அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சுள்ளியும் பழைய தாளும் இருந்த அலமாரிக்குள் வைத்தார்கள். சாம்பலுக்குள் தணல் இருந்தது. இரண்டு விருந்தினர்கள் இறந்தார்கள். 2021இல் நிறுவனத்துக்கு 5 லட்சம் பவுண்டு அபராதம். பின்னர் நடந்த மரண விசாரணையில், வரலாற்றுக் கட்டடங்களை ஓட்டலாக மாற்றும்போது தானியங்கி நீர்த்தெளிப்பு வேண்டும் என்றும், மறைவான வெற்றிடங்களின் ஆபத்தை ஆராய வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். கணப்பு என்பது அழகுப் பொருள் என்று நினைப்பவர்கள் அந்த விசாரணை அறிக்கையை ஒரு முறை படிக்கலாம்.

புதுப்பிக்கும் வேலையே தீ வைத்த கதையும் உண்டு. லண்டன் ஹைட் பார்க் அருகே உள்ள மாண்டரின் ஓரியண்டல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கட்டடம். பல கோடி பவுண்டு செலவிட்ட சீரமைப்பு முடியும் தறுவாயில், 2018 ஜூன் 6 அன்று பற்றி எரிந்தது. வெல்டிங் பொறிதான் காரணம். சமையலறைக் குழாயின் ஒவ்வோர் இணைப்பையும் வெல்டிங் செய் என்று விதி சொல்கிறது. வெல்டிங் செய்தால் கட்டடம் எரியலாம் என்று அனுபவம் சொல்கிறது. எனவே பழைய கட்டடங்களில் முடிந்தவரை குழாய்களை வெளியே பட்டறையிலேயே பற்றவைத்து, அல்லது வெல்டிங் தேவைப்படாத, அங்கீகாரம் பெற்ற ஆயத்தக் குழாய்களாக வாங்கி இறக்குகிறார்கள். உள்ளே பற்றவைத்தே தீர வேண்டும் என்றால், வேலை முடிந்த பிறகும் ஓர் ஆள் தீயணைப்பானோடு காவல் இருக்க வேண்டும். எளிய ஏற்பாடுதான். வேலை அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இனி செலவுக் கணக்கு. நடுத்தர அளவுள்ள ஓட்டல் சமையலறை வினாடிக்கு 5 கன மீட்டர் காற்றை வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 10 டிகிரி. உள்ளே வரும் காற்றை 18 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 170 கிலோவாட் வேண்டும். அறைகளில் வைக்கும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் 85 ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். இத்தனையும் அடுப்புக்கு மேலே சில நொடிகள் தங்கிவிட்டுக் கூரை வழியாகப் போய்விடும். சமையற்காரர் வியர்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே கொதிகலன் அவருக்காகக் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்பது இதில் உள்ள நகைச்சுவை.

இதைக் குறைக்க முதல் வழி, விசிறியைத் தேவைக்கேற்ப ஓடவிடுவது. வெப்பத்தையும் புகையையும் உணரும் கருவிகள் ஹூடில் இருந்தால், மாலை நான்கு மணிக்கு ஒரே ஒரு சூப் பாத்திரம் கொதிக்கும்போது விசிறி மெதுவாகச் சுற்றும். விசிறியின் மின்செலவு வேகத்தின் முப்படி விகிதத்தில் மாறும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சூடாக்க வேண்டிய காற்றும் குறையும். பழைய கட்டடத்துக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு: எதையும் உடைக்க வேண்டாம். இரண்டாவது வழி ஹூடையே திருத்துவது. இரு பக்கமும் தடுப்புத் தகடு வைத்து, அடுப்புகளைச் சுவரோடு தள்ளி, அதிகப் புகை விடுவதை நடுவில் வைத்தால் குறைந்த காற்றே போதும். மலிவான வேலை, ஆகவே யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

மூன்றாவது, போகிற வெப்பத்தைப் பிடித்து வைப்பது. சொல்லச் சுலபம். பிசுக்குக் காற்று எந்த வெப்பமாற்றிச் சுருளையும் சில மாதங்களில் மெழுகிவிடும், நல்ல வடிகட்டிகள் இல்லாமல் இறங்கக் கூடாது. லண்டன் சவாய் இதில் துணிந்து இறங்கியது. 2007 டிசம்பரில் மூடி, 2010 அக்டோபரில் திறந்தார்கள். 16 மாதத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை மூன்று ஆண்டுகளை நெருங்கியது, 10 கோடி பவுண்டு என்ற மதிப்பீடு 22 கோடியானது. அந்த வேலைக்குள் சமையலறைக் கருவிகள் வெளிவிடும் வெப்பத்தைச் சேகரித்து வெந்நீருக்கான தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் அமைப்பையும், மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும் சொந்த மின்நிலையத்தையும் வைத்தார்கள். எஸ்காஃபியே பார்லித் தண்ணீரால் சமாளித்த வெக்கை, இப்போது விருந்தினரின் குளியல் தொட்டிக்குப் போகிறது. பத்திரிகைகள் என்னவோ சரவிளக்கையும் புதிய மதுக்கூடத்தையும் பற்றித்தான் எழுதின.

சூடாக்கும் பக்கத்தில் வேறொரு கேள்வி இருக்கிறது: எவ்வளவு சூடாக்கலாம்? நியூ ஹாம்ப்ஷயரில் 1902இல் திறந்த மவுண்ட் வாஷிங்டன் ஓட்டல் கோடைக்காலத்துக்கென்றே கட்டப்பட்டது. 1944இல் உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் வித்திட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாடு நடந்ததும் ஜூலையில்தான். 1999இல்தான் முதன்முறையாகக் குளிர்காலத்திலும் கதவைத் திறந்தது. அப்படி மாற்றும்போது கட்டடத்தின் உடம்பே மாறுகிறது. கோடை ஓட்டலின் மரம் ஈரத்தோடு பழகியது. குளிர்காலத்தில் வறண்ட சூட்டில் அது சுருங்கி வெடிக்கும். மாறாக, சமையலறை நீராவியும் குளியலறை ஈரமும் அடைபட்டால் சுவருக்குள்ளும் பழைய ஒற்றைக் கண்ணாடியிலும் நீர் கோத்து, சட்டம் மக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1991இல் வெளியிட்ட, வரலாற்றுக் கட்டடங்களைச் சூடாக்குவதும் காற்றோட்டம் தருவதும் பற்றிய 24ஆம் கையேடு இதைத்தான் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது: விருந்தினருக்குச் சுகமான தட்பவெப்பம் கட்டடத்துக்கும் சுகமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் இன்றும் அக்டோபரில் பூட்டி மே மாதம் திறக்கிறது. குளிர்கால விருந்தினர்களுக்குப் பக்கத்தில் வேறு விடுதி இருக்கிறது. எல்லாக் கட்டடத்தையும் எல்லாக் காலத்திலும் திறந்து வைத்தே ஆக வேண்டுமா என்று கேட்பதும் பொறியியல்தான்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி மலைகளில் மட்டுமே எழும். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் உள்ள காலனிய காலத்து ஓட்டல்களில் அறைக் கணப்பு, போர்வைக்குள் வெந்நீர்ப் பை என்ற மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டடம் முழுவதையும் சூடாக்காமல் ஆளை மட்டும் சூடாக்கும் இந்த முறையைப் பழமை என்று சிரிக்கிறார்கள். மரக்கூரைக்கு அது நல்லது. ஆனால் அதே ஓட்டலில் தந்தூர் அடுப்பு வந்திருந்தால் கதை வேறு. கரி அடுப்பின் புகையில் தணல் பொறி பறக்கும். அதை எரிவாயு அடுப்பின் குழாயோடு சேர்க்கக் கூடாது, தனிக் குழாய் வேண்டும். தொட்டபெட்டா காற்று வீசும் இரவில் தனிக் குழாய் இழுப்பது எந்தக் கணப்பின் காற்றை என்று முன்பே பார்த்து வைப்பது நல்லது.

எரிவாயுவை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறுவது பல முடிச்சுகளை ஒருசேர அவிழ்க்கும் என்று இப்போது பேசப்படுகிறது. பெரும்பாலும் சரிதான். எரிவாயு அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது வெப்பத்தில் பாதியைக்கூட எட்டாது, இண்டக்‌ஷனில் 80 விழுக்காட்டுக்கு மேல் போகும். மிச்ச வெக்கை குறைவு, எனவே ஹூடும் சின்னது, குழாயும் ஒல்லி. ஒல்லியான குழாய் பழைய குழிக்குள் நுழையும். ஆனால் மின்சாரம் வேண்டும், நிறைய. நூறாண்டுக் கட்டடத்துக்குப் புதிய மின்மாற்றி வைக்க இடம் தேடும்போது, காற்றுக் குழாய்க்குப் பட்ட பாட்டை மின்கம்பிக்காகப் படுகிறார்கள். பொரிக்கும் எண்ணெயின் பிசுக்கும் எந்த அடுப்பிலும் பிசுக்குதான்.

கடைசியில் கூரை. எக்ஸாஸ்ட் விசிறியும் காற்றைச் சூடாக்கும் பெட்டியும் தெருவிலிருந்து தெரியக் கூடாது என்பார்கள் பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரிகள். விசிறி உயரமாக, திறந்தவெளியில், காற்றை உள்ளே எடுக்கும் வாயிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள் தீயணைப்பு அதிகாரிகள். இருவருமே சரி. தீர்வு பெரும்பாலும் கூரையின் பின்சரிவில், ஒட்டுப்பலகையால் செய்த மாதிரிப் பெட்டியை வைத்து, எதிர்த் தெருவில் நின்று பார்த்து, இரண்டடி தள்ளி வைத்து, மறுபடி பார்த்துக் கிடைக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு செய்யும் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஓட்டல் நிறைந்திருக்கும் ஓர் இரவில், எல்லா அடுப்பும் எரிய, எல்லா விசிறியும் ஓட, சமையலறைக் கதவிடுக்கில் ஓர் ஊதுபத்தியைப் பிடிக்கிறார்கள். புகை மெல்ல உள்நோக்கிச் சாய வேண்டும், பாயக் கூடாது. பிறகு அதே ஊதுபத்தியோடு முன்கூடத்துக்கு நடந்து, கணப்பின் வாயருகே குனிகிறார்கள். மணி எட்டு. புகை ஒரு கணம் தயங்கி நின்று, புகைபோக்கிக்குள் ஏறுகிறது.